மனநல மருத்துவமனையில் விடப்பட்ட அத்தைப்பாட்டி: எங்கிருந்து தேடுவது?

பின்னிப்பேட்டைக்காரன் (பெங்களூரு) கேட்கிறார்:

என் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பதே அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டும்வரை எனக்குத் தெரியாது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இத்தனை ஆண்டுகளில் ஒரு கல்யாணத்திலோ, திவசத்திலோ, சண்டையிலோகூட அந்தப் பெயர் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. பெயரை இங்கே போடவில்லை, அத்தைப்பாட்டி என்றே எழுதுகிறேன்.

தாத்தா ஆரணியிலிருந்து பிழைக்க வந்து பின்னி மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். அன்றாடச் செலவை எழுதாமல் பாயில் படுக்கமாட்டார் என்று அப்பா சொல்வார். நீளவாக்கில் தைத்த நோட்டுகள், பென்சில் எழுத்து. வருடம் போட்டிருக்கமாட்டார், தமிழ் மாதமும் தேதியும் மட்டும். அதில் மாதம் தவறாமல் இப்படி வருகிறது:

தங்கை ஆஸ்பத்திரி வகை 5-0-0
ஜட்கா 0-6-0
பொரி, வெல்லம் 0-2-0

தீபாவளி மாதத்தில் மட்டும் ‘நூல் புடவை 1’ என்று ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. பாட்டிக்கு எடுத்த புடவைக்கும் இதற்கும் விலையில் எட்டணாதான் வித்தியாசம்.

அப்பாவின் அக்கா ஒருவர்தான் இப்போது மிச்சம். எண்பதைத் தாண்டிவிட்டார், ராஜாஜிநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவராகவே, “அவளுக்குப் பைத்தியம்டா. பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒருநாள் ரயில்வே லைன் மேல் நடந்துபோயிருக்கிறாள், எஞ்சின் ஊதிக்கொண்டே வருகிறது, நகரவே இல்லை. யாரோ இழுத்துப் போட்டார்கள். போலீஸ் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி” என்றார். எந்த ஆஸ்பத்திரி என்றால், ஹுச்சாஸ்பத்திரி (பைத்தியக்கார ஆஸ்பத்திரி) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, காப்பி ஆறுகிறது என்று பேச்சை முடித்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அப்பாவின் பீரோவில் 1960ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸ், முதல் பக்கம் மட்டும், கிடைத்தது. ஆரணி சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவானது. அதில் கடைசிப் பார்ட்டியாக அத்தைப்பாட்டி வருகிறார்: ‘சித்த ஸ்வாதீனமில்லாதவளான மேற்படியாளுக்குக் கார்டியன்’ என்று தாத்தாவின் பெயர். கொள்ளுத்தாத்தா 1959இல் இறந்தார். அவர் இறந்த மறு வருடமே நிலத்தைப் பிரிக்கிறார்கள், அதில் தங்கைக்குச் சித்தம் சரியில்லை என்று எழுதுகிறார்கள். நிலத்துக்காகவே அனுப்பிவிட்டார்களோ என்று ஒரு முள் தைத்துக்கொண்டிருக்கிறது.

எந்த மருத்துவமனை, எப்போது சேர்த்தார்கள், எப்போது இறந்தார், உண்மையில் என்ன உபாதை? இவற்றை இனிமேல் கண்டுபிடிக்க வழி உண்டா? ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். “எழுபது வருஷக் கதைக்கு இப்போது என்ன அவசரம்?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

கரோல்பாக் வாசி (தில்லி):

முதலில் ஒரு வாசலை மூடிவிடுகிறேன், அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். இங்கிலாந்து, அமெரிக்காக்காரர்கள் இப்படிப்பட்ட முன்னோரைத் தேடும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரையே பார்த்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் 1881 முதல் 1931 வரை மனநிலை பிறழ்ந்தவர், காது கேளாத வாய் பேசாதவர், பார்வையற்றவர், தொழுநோயாளி என்று நான்கு வகையாகப் பிரித்து எண்ணினார்கள். ஆனால் நமக்கு மிஞ்சியது எண்ணிக்கை மட்டும்தான். வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. ஆகவே அந்த வழியில் பெயர் கிடைக்காது.

திறந்திருக்கும் வாசலுக்கு வருகிறேன். உங்கள் அத்தை சொன்னது பெரும்பாலும் இன்றைய நிம்ஹான்ஸ் (பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம்) வளாகமாகத்தான் இருக்கும். பெயர் மாறிக்கொண்டே வந்திருப்பதால் எந்தக் காலத்துக்கு எந்தப் பெயர் என்று தெரிந்து கேட்க வேண்டும். 1925இலிருந்து அது மைசூர் அரசு மனநல மருத்துவமனை. 1930களில் லக்கசந்திரா பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. 1954இல் அதன் அருகிலேயே அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974இல் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. அங்கிருந்த பழைய நோயாளிக் குறிப்புகளை வரலாற்று ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே எல்லாம் கரையானுக்குப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

மனுவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். மத்திய அரசு நிறுவனம், கட்டணம் 10 ரூபாய். தனிநபர் தகவல், தரமுடியாது என்று எழுதி அனுப்ப வாய்ப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே 8(3) பிரிவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்: இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பற்றிய தகவலுக்கு, இரண்டு மூன்று விதிவிலக்குகள் தவிர, மற்ற விலக்குகள் பொருந்தா. தனிநபர் தகவல் என்ற விலக்கு அந்த மிஞ்சும் பட்டியலில் இல்லை. ஆனால் ‘எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இந்தப் பெயர், இந்தத் தகப்பனார் பெயர், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை என்று கேளுங்கள். ஆண்டைக் குறுக்காமல் போனால் எந்தக் குமாஸ்தாவும் ஏணியில் ஏறமாட்டார். இத்தனை ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

சாந்திநகர் டீச்சர் (பெங்களூரு):

ஐயா, உங்கள் அத்தை சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எஞ்சின் ஊதியும் நகரவில்லை.

நான் காது கேளாத பிள்ளைகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த மூன்றையும் ஒரு தாய் என்னிடம் வந்து சொன்னால், முதலில் காதைப் பரிசோதித்து வாருங்கள் என்றுதான் அனுப்புவேன். தண்டவாளத்தில் முதுகைக் காட்டி நடக்கும் பெண்ணுக்கு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்றால் அவள் எதற்காக நகர வேண்டும்?

இங்கிருந்துகொண்டு வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை இல்லை. காது கேளாமையோடு வேறு ஏதாவதும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தையும் ஒரு முறை பாருங்கள். 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டத்தில், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரும் பிற்காலத்தில் சித்தம் கலங்கியவரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவார்கள். மூளை வளர்ச்சி குன்றியோரை அந்த வரையறையிலிருந்து வெளியே எடுத்ததே 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான். படிப்பே கிடைக்காத, சைகை மொழியும் தெரியாத ஒரு செவிடான பெண்ணைப் பேசவைக்கத் தெரியாத ஒருவர் அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடமே இல்லாத காலம் என்று சொல்லவும் முடியாது. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1890களிலேயே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். மைசூரிலும் இருந்தது. மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் செய்தி எட்டியதா என்பதுதான் கேள்வி.

உங்கள் அத்தையிடம் இன்னொரு முறை உட்காருங்கள். நோய் என்ன என்று கேட்காதீர்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு என்ன வேலை தெரியும், யாரிடம் ஒட்டுதலாக இருந்தாள், எதற்குச் சிரிப்பாள், பின்னாலிருந்து தொட்டால் என்ன செய்வாள் என்று கேளுங்கள். சின்ன வயதில் அம்மையோ கடுங்காய்ச்சலோ வந்ததா என்றும் கேளுங்கள்.

பத்திர எழுத்தர் மகள் (ஜீவன்பீமா நகர், பெங்களூரு):

அண்ணா, நானும் உங்கள் சீமைதான். அப்பா போளூரில் பத்திர எழுத்தராக இருந்தார். முத்திரைத் தாள் வாசனையில் வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே சொல்கிறேன்.

முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விஷயமெல்லாம் ஷரத்துகளிலும் சொத்து விவரத்திலும்தான் இருக்கும். ஆரணி ஆபீசில் முழு நகலுக்கு மனுப் போடுங்கள். பத்திர எண்ணும் ஆண்டும் கையில் இருப்பதால் பெரிய கஷ்டம் இல்லை. கார்டியனைக் கோர்ட் நியமித்திருந்தால் உள்ளே ஓர் ஓ.பி. எண் (கோர்ட்டில் போட்ட மனுவின் எண்) வரும். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம், ஜில்லா கோர்ட் வேலூரில். எண் கிடைத்தால் அங்கே நகல் மனுப் போடலாம். வழக்குக் காகிதக் கட்டை அழித்திருந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சியிருக்கலாம். எண்ணே இல்லை என்றால், கோர்ட்டுக்குப் போகாமல் அண்ணன்மார்களே கார்டியன் என்று எழுதிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கள் முள்ளைப் பற்றி. 1956 ஜூன் மாதம் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. கொள்ளுத்தாத்தா உயில் எழுதாமல் 1959இல் போயிருந்தால், அவர் பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு. அதற்கு முன்னால் பழைய தர்மசாஸ்திர வழக்கில் பிறவிக் குருடு, செவிட்டூமை, பைத்தியம் என்றெல்லாம் சொல்லி வாரிசுரிமையையே மறுப்பார்கள். 1928ஆம் ஆண்டுச் சட்டம் பிறவிப் பைத்தியத்தையும் பிறவி அறிவுக் குறைவையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற குறைகளுக்கான தடையை நீக்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு மிச்சத்தையும் துடைத்துவிட்டது: நோய், ஊனம் எதைச் சொல்லியும் வாரிசைத் தள்ள முடியாது. ஆகவே 1960இல் ‘சித்த ஸ்வாதீனமில்லாதவள்’ என்று எழுதியதால் அவள் பங்கு சட்டப்படி போகவில்லை. அவளை விட்டுவிட்டால் பத்திரம் நிற்காது என்பதால்தான் பார்ட்டியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

நிலத்துக்காக அனுப்பினார்களா என்பதற்கு விடை கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. 5-0-0, 0-6-0 என்று ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டமாக எழுதியிருக்கிறார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. அதற்குப் பிறகும் பெரியவர்கள் வாயால் எட்டணா, பத்தணா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு. எழுத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியதுதான். ஆஸ்பத்திரி வரி முதலில் எந்த நோட்டில் வருகிறது என்று பாருங்கள். அந்த நோட்டில் ஊரறிந்த சம்பவம் ஏதாவது செலவாக விழுந்திருக்கும். அதைப் பிடித்தால் வருடம் கிடைத்துவிடும்.

சும்மா ஒருவன்:

எல்லாரும் ஆர்வமாகச் சட்டம் பேசுகிறீர்கள். அந்தக் குடும்பத்தில் வரன் பார்க்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால்? “பரம்பரையில் மனநோய் உண்டு” என்று நாளைக்கு யாராவது ஜாதகத்தோடு சேர்த்துக் கேட்டால்? மூடி வைத்ததற்குப் பெரியவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். தோண்டி எடுத்து யாருக்கு என்ன லாபம்?

மாட்டுங்கா மாமி (மும்பை):

லாபம் நஷ்டம் பார்த்தா மனுஷரைத் தேடுவார்கள்? எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, பத்து வயதிலும் மூன்று வயதுக் குழந்தைபோல இருந்தவர். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒண்டுக்குடித்தனம், ஒரே அறையில் ஒன்பது பேர். அவரை மான்கூர்ட் பக்கம் ஓர் இல்லத்தில் விட்டார்கள் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவும் வெளியே சொல்லக்கூடாது என்று கடைசிவரை சொல்லவில்லை. என் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, அவளே இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வரப்போகிறாள். தேடியதால் ஒன்றும் குடி முழுகவில்லை.

பின்னிப்பேட்டைத் தம்பி, எனக்கு உதவியது பழைய ரேஷன் கார்டு. பம்பாயில் 1943இல் ரேஷன் வந்தது. வீட்டில் தலை எண்ணித்தான் அரிசி. ஒருவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் பெயரை அடித்து, ஓரத்தில் தேதி போட்டு, சீல் குத்துவார்கள். தாத்தா கார்டில் மாமாவின் பெயர் மேல் அப்படி ஒரு சிவப்பு மைக் கோடு. அந்தத் தேதியை வைத்துக்கொண்டுதான் மற்ற இடங்களுக்குப் போனேன். உங்கள் வீட்டில் கணக்கு நோட்டையே இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறவர் ரேஷன் கார்டைத் தூக்கிப் போட்டிருப்பாரா? சாமி படத்துக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே, எல்லா இடத்திலும் பாருங்கள். மணியார்டர் ரசீதுகளையும் விடாதீர்கள். பணம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வரும் துண்டுச் சீட்டில் போஸ்டாபீஸ் முத்திரையும் வாங்கியவரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும்.

அத்தையிடம் பேசும்போது பக்கத்தில் அவர் மகன், மருமகள் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வாயைக் கட்டியது நீங்கள் அல்ல, அவர்கள் முன்னால் பேசக் கூச்சம்.

பின்னிப்பேட்டைக்காரன் (சில வாரங்கள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. வரிசையாக இல்லாமல் கிடைத்தபடியே எழுதுகிறேன்.

நோட்டு. பத்திர எழுத்தர் மகள் சொன்னபடி பின்னாலிருந்து முன்னால் போனேன். ஆஸ்பத்திரி வரி முதன்முதலாக வரும் நோட்டில், அதற்கு நான்கு பக்கம் தள்ளி, தை மாதத்தில், ‘மகாத்மா சாவு. மில் லீவு. கடை இல்லை’ என்று ஒரு வரி. செலவுக் கட்டத்தில் ஒன்றும் இல்லை, கோடு மட்டும். ஆக, 1948 ஜனவரி 30க்கு முன்பே அத்தைப்பாட்டி மருத்துவமனையில் இருந்திருக்கிறார். கொள்ளுத்தாத்தா அதன் பிறகு பதினோரு ஆண்டு உயிரோடு இருந்தார். நிலத்துக்காக அனுப்பவில்லை.

மருத்துவமனை வரிக்கு முந்தைய வாரத்தில் இரண்டு செலவுகள் இருக்கின்றன. ‘டாக்டர் சர்ட்டிபிகேட் 4-0-0’, ‘கச்சேரி பியூன் 0-8-0’. முன்பு படித்தபோது இரண்டையும் மில் சமாசாரம் என்று தாண்டிப்போயிருந்தேன். கச்சேரி என்றது மாஜிஸ்திரேட் கோர்ட்டாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அத்தையை ஒரு மத்தியானம் தனியாகப் பார்த்தேன். டீச்சர் சொன்ன கேள்விகளையே கேட்டேன். இந்த முறை அவர் நிறுத்தவில்லை. அத்தைப்பாட்டி நன்றாகக் கோலம் போடுவாராம், புள்ளி பிசகாதாம். சிக்கு எடுத்துத் தலை பின்னிவிடுவது அவர்தானாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார், ஆனால் தரையில் நிழல் விழுந்தால் சட்டென்று திரும்பிவிடுவாராம். வீட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு மாவு மெஷின் இருந்திருக்கிறது. மெஷின் ஓடும் நேரத்தில் அந்தப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்று சிரிப்பாராம். “அதனால்தான் பைத்தியம் என்றோம்” என்றார் அத்தை.

பத்திரத்தின் முழு நகல் வந்துவிட்டது. ஓ.பி. எண் எதுவும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் அவரைப் பற்றி இன்னொரு முறை எழுதியிருக்கிறார்கள்: ‘பிறவி முதல் கேள்வியும் பேச்சும் இல்லாதவளும் தற்சமயம் பெங்களூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவளுமான’. ஆக எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவருக்கு நிலம் எழுதவில்லை. ‘வடகோடிப் புளியமரத்தின் மகசூலை மேற்படியாளின் ஜீவனாம்சத்துக்கு வைத்து, அவள் ஜீவியகாலம்வரை’ தாத்தா மாதம் ஐந்து ரூபாய் செலுத்திவர வேண்டியது என்று ஷரத்து.

அந்தப் புளியமரம் இப்போதும் இருக்கிறதா என்று ஊருக்குப் போன் செய்து கேட்டேன். ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டதாம்.

ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. மனு போட்டுவிட்டேன், 1946 முதல் 1948 வரை என்று குறுக்கி.

சாந்திநகர் டீச்சர்:

சுவரில் கை வைத்து நின்றார் என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். எங்கள் பள்ளியில் பிரார்த்தனைக்கு மேளம் வைத்திருந்தோம். சின்னப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைப்பார்கள். அதிர்வு அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். நிழலைப் பார்த்துத் திரும்புவதும் அப்படியே. கண்ணால் ஊரைக் காவல் காக்கிறவர்கள் அவர்கள். புள்ளி பிசகாமல் கோலம் போட்ட கைக்கு எழுத்து வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருத்துவமனைக் குறிப்பு கிடைத்தால் அதில் நோயின் பெயரைவிட, ‘அழைத்தால் பதில் இல்லை’, ‘ஒத்துழைக்கவில்லை’ என்கிற மாதிரி அன்றாடக் குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள். காதைச் சோதித்ததாக எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பத்திர எழுத்தர் மகள்:

அண்ணா, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நிலத்துக்காக அனுப்பவில்லை என்பது சரி. ஆனால் அனுப்பிய பிறகு பங்குக்குப் பதிலாக ஒரு மரத்து மகசூலைக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள் என்பதும் சரி. மகளாக அவளுக்குச் சேர வேண்டியது புளியமரம் மட்டும் அல்ல. கோர்ட் கார்டியனும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் உங்கள் தாத்தாவைப் பார்க்க வேண்டும்: மாதம் தவறாமல் ஜட்கா பிடித்துப் போனவரும் அவர்தான், கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

இனி இறந்த வருடம். ‘ஜீவியகாலம்வரை’ என்று எழுதியிருப்பதுதான் உங்களுக்குச் சாவி. அந்த ஜீவனாம்சம் சொத்தின் மேல் ஒரு பாரம். பிறகு யாராவது அந்த நிலத்தை வாங்கியிருந்தால், வாங்குகிறவர் பக்கத்துப் பத்திர எழுத்தர் அந்தப் பாரம் எப்படி நீங்கியது என்று எழுதாமல் விட்டிருக்கமாட்டார். எங்கள் அப்பாவாக இருந்தால் எழுதாமல் பேனாவை மூடமாட்டார். வடகோடி சர்வே எண்ணுக்கு 1960 முதல் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 1975க்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஆன்லைனில் தேட வேண்டாம், நேரில் மனுக் கொடுங்கள்.

பின்னிப்பேட்டைக்காரன்:

கோபம் இல்லை தங்கச்சி. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த நிலத்து வழியாக வந்த பணத்தில்தான் இந்த வீடு. நான் அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வில்லங்கத்தில் 1973ஆம் ஆண்டு ஒரு கிரயம் வந்தது. நகல் எடுத்தேன். உங்கள் அப்பாவைப் போன்ற எழுத்தர் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும்: ‘மேற்படி சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெற்றுவந்தவள் 1971ஆம் வருஷம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சந்ததியின்றிக் காலமாகிவிட்டபடியால் மேற்படி ஜீவனாம்ச பாத்தியம் நீங்கிவிட்டது.’ மாதமோ தேதியோ இல்லை.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். தாத்தா 1966இல் போய்விட்டார். அதன்பிறகு ஐந்து ரூபாயை யார் கட்டினார்கள், பொரியும் வெல்லமும் யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு நோட்டு இல்லை. அப்பா கணக்கு எழுதுகிறவர் இல்லை.

1971இல் இறந்தவருக்கு எங்கே கேட்பது? ஆரணியிலா, இங்கேயா?

கரோல்பாக் வாசி:

இங்கேயே, அதாவது உங்கள் பெங்களூரிலேயே. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, சொந்த ஊரில் அல்ல. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மருத்துவமனையில் நேரும் இறப்பைத் தெரிவிக்க வேண்டியவர் அங்குள்ள பொறுப்பு மருத்துவர். வீட்டார் போகவில்லை என்றாலும் பதிவு ஆகியிருக்க வேண்டும். 17ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லி, கட்டணம் கட்டி, இறப்புச் சான்றிதழ் வாங்கலாம். தேட வேண்டிய ஆண்டு கூடினால் கட்டணமும் கூடும், உங்களுக்கு ஓர் ஆண்டுதான். இறப்பின் காரணம் மட்டும் அந்தச் சான்றிதழில் வராது, சட்டமே அதை மறைக்கச் சொல்கிறது. அதற்கு மருத்துவமனைக் குறிப்பைத்தான் நம்ப வேண்டும். 1971இல் உங்கள் மாநிலத்துக்கு இன்னும் மைசூர் என்றுதான் பெயர், பதிவேட்டின் அட்டையில் கர்நாடகா என்று தேடினால் இருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உடலை வாங்க யாரும் வராவிட்டால் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வழிசெய்யும் உடற்கூறியல் சட்டம் மைசூர் மாநிலத்தில் 1957இலேயே இருந்தது. வீட்டார் போனார்களா என்பதை உங்கள் அத்தைதான் சொல்ல முடியும். போயிருந்தால் வில்சன் கார்டன் மயானம் கிட்டத்தில் இருக்கிறது, அங்கும் கேட்டுப் பாருங்கள்.

பின்னிப்பேட்டைக்காரன்:

கேட்டேன். அப்பாவுக்குத் தந்தி வந்ததாம், அவரும் சித்தப்பாவும் மட்டும் போனார்களாம். பெண்கள் யாரையும் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு மறுநாள் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் அத்தைக்குத் தெரியவில்லை.

தேடல் மனுவைக் கொடுத்துவிட்டேன். அன்றைய பதிவேடு கன்னடத்தில் இருக்கும், தமிழ்ப் பெயரைக் கன்னடத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று தெரியாததால் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், பழைய கையெழுத்தைப் படிக்கத் தடுமாறுவேன். டீச்சர், பதிவேட்டைக் காட்ட அழைத்தால் கூட வர முடியுமா?

சாந்திநகர் டீச்சர்:

தாராளமாக வருகிறேன். மூக்குக் கண்ணாடி இரண்டையும் எடுத்து வருகிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று எனக்கு வகுப்பு இருக்கிறது.